பாதி எச்சரிக்கை

எங்கள் வக்கீல் அலுவலகத்தில் அவளுக்குக் கிளி என்று பெயர். ஏழு மொழி பேசுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் வைத்தவள் நான்தான். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவேன், அவளும் "என்னக்கா" என்று திரும்புவாள். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள்.

நான் வக்கீல் இல்லை. குறிப்பெடுப்பவள். விசாரணை அறையில் எந்த வக்கீலும் தனியாக உட்காரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எதிரில் இருந்தவர் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று பல்டி அடித்தால் சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளாக நான் உட்கார்ந்திருப்பேன். பேனா, மஞ்சள் தாள், மூடிய வாய். மூடிய வாய் எவ்வளவு கஷ்டம் என்பதை என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார், அவருக்குத்தான் சாயங்காலம் வட்டியும் முதலுமாகக் கிடைக்கும்.

கிளிக்கு இரண்டு வேலை. கம்பெனிகள் ரகசியமாகக் கூடிப் பேசி விலையை ஏற்றினால் அது குற்றம், அந்த வழக்குகளைப் பார்ப்பது ஒன்று. ஓர் ஆளின் சொந்தத் தகவலை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று காவல் காப்பது இன்னொன்று. "ஒரு கையால போத்திவிடறே, இன்னொரு கையால உருவறே" என்று கேலி செய்வேன். சிரிப்பாள். ஆரம்ப வருஷங்களில் சிரித்தாள் என்று சொல்ல வேண்டும்.

அவள் அப்பா பாலம் கட்டும் கம்பெனியில் இருந்தவர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த பள்ளிக்கூடம், அடுத்த மொழி. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவே ஒவ்வொரு மொழியையும் கற்றதாக ஒரு தடவை சொன்னாள். "கெட்ட வார்த்தைய முதல்ல கத்துக்கணும்க்கா. அதுக்கப்புறம் சேத்துக்குவாங்க." அப்படி வந்த மொழிகளை வைத்துத்தான் எங்கள் பெரிய வக்கீல் அவளை வேலைக்கு எடுத்தார். சட்டம் படித்தவர்கள் கல்லெறிந்தால் விழுகிற அளவுக்கு இருக்கிறார்கள். ஒரு கிடங்குக் கணக்கரையும், ஒரு லாரி மேற்பார்வையாளரையும், ஒரு விற்பனைக்காரரையும் அவரவர் அம்மா பேசிய பேச்சிலேயே பேசவைக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

அந்த வித்தை எப்படி என்று சொல்கிறேன், பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்தவள். விசாரணைக்கு வருகிறவரிடம் முதலில் ஓர் எச்சரிக்கை வாசிக்க வேண்டும். "நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல. நீங்கள் சொல்வது கம்பெனிக்குச் சொந்தம். அதை அவர்கள் விரும்பினால் அரசு ஆணையத்திடம் கொடுக்கலாம்." இதை அலுவலக மொழியில், அச்சடித்த தாளைப் பார்த்து, கடகடவென்று வாசிப்பாள். வந்தவர் தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார். தாளை ஓரமாக வைப்பாள். நான் டிஷ்யூ பெட்டியை மெதுவாக வந்தவர் பக்கம் நகர்த்துவேன். கிளி அவருடைய மொழிக்கு மாறி, "சாப்டீங்களா?" என்பாள்.

அவ்வளவுதான். அடைத்த குழாய் திறந்த மாதிரி கொட்டுவார்கள். எச்சரிக்கை ஒரு மொழியில், பாசம் இன்னொரு மொழியில். கேட்கிறவர் காதில் நிற்பது எது என்று சொல்லவும் வேண்டுமா? தயங்குகிறவரிடம் மட்டும் கடைசியாக ஒரு வாக்கியம் வைத்திருப்பாள்: "பேசினா உங்களுக்கும் பாதுகாப்புதாங்க."

இந்த வழக்குகளில் ஒரு விசித்திரமான விதி உண்டு. கூட்டுச் சேர்ந்த கம்பெனிகளில் எது முதலில் ஆணையத்திடம் ஓடிப்போய் ஒப்புக்கொள்கிறதோ, அதற்கு முழு மன்னிப்பு. வாய் திறந்த அதன் ஊழியர்களுக்கும் சேர்த்து மன்னிப்பு. இரண்டாவதாக வருகிற கம்பெனிக்கு ஏதோ கொஞ்சம் தள்ளுபடி. அதன் ஆட்களுக்கு அதுவும் கிடையாது. பந்திக்கு முந்து என்பது இவர்களுக்காகவே சொன்ன மாதிரி இருக்கும். ஆகவே கிளியின் அந்தக் கடைசி வாக்கியம் முதலில் ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான் உண்மை. எங்கள் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவதாக ஓடுகிறவர்கள்.

கணக்குப் பிரிவு அம்மாள் ஒருத்தி அப்படித்தான் பேசினாள், அழுதாள், என் டிஷ்யூவில் பாதியைத் தீர்த்தாள். கம்பெனி அவளைக் கைகழுவியது. பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் எங்கள் இருவரையும் பார்த்தவள், கிளியைத் திட்டவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள், திருடனைக் கண்ட மாதிரி. அன்றைக்கு வந்த பஸ்ஸில் கிளி ஏறவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனாள்.

இனி அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வருகிறேன்.

மூன்று கம்பெனிகள் சேர்ந்து அட்டைப்பெட்டி விலையைப் பேசிவைத்து ஏற்றுவதாகப் புகைச்சல். எங்கள் கட்சிக்காரர் அதில் ஒன்று. அவர்களுடைய விற்பனைக்காரர் ஒருவர்தான் மற்ற இரண்டு பேரோடும் பேசினவர். அவர் வாய் திறந்தால் கம்பெனி ஆணையத்திடம் போகலாம். திறக்காவிட்டால் கையில் ஒன்றுமில்லாமல் போக முடியாது.

முதலில் அவருடைய கைப்பேசியைக் கம்பெனி வாங்கி எங்களுக்கு அனுப்பியது; அதிலிருந்த துண்டு துண்டுப் பேச்சு மட்டும் ஆணையத்துக்குப் போதாது. அதில் எது கம்பெனி சமாசாரம், எது சொந்தச் சமாசாரம் என்று பிரித்து, சொந்தமானதை யாரும் பார்க்காமல் மூடிவைக்க வேண்டியவள் கிளி. இதில் ஒரு கூத்தைப் பாருங்கள்: படிக்காமல் எப்படிச் சொந்தம் என்று தெரியும்? மூடிவைக்கிறவள் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். படித்ததை மறந்துவிட வேண்டும் என்பது சட்டம்.

கிளி மறக்கவில்லை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னாள். சொல்லக்கூடாதுதான். சொல்லாவிட்டால் வெடித்திருப்பாள்.

"அவர் சம்சாரத்துக்கு ரெண்டு கிட்னியும் போச்சுக்கா. ஒருநாள் விட்டு ஒருநாள் மிஷின்ல படுக்கணும். கம்பெனி காப்பீட்டுலதான் ஓடுது."

"நீ ஏன்டி அதையெல்லாம் மனசுல ஏத்திக்கறே?"

"படுத்துக்கிட்டே அந்தம்மா இவருக்கு மெசேஜ் போடறாங்க. 'இன்னிக்கு நர்ஸ் பொண்ணு புதுசு, ஊசி குத்தத் தெரியலை.' 'ஏங்க, வரும்போது தலகாணி உறை எடுத்துட்டு வாங்க, இங்க இருக்கறது சொரசொரன்னு இருக்கு.' இவர் பெட்டி விலை பேசிக்கிட்டே நடுவுல, 'எந்த உறை, நீலமா?'ன்னு கேக்கறார். அதுக்கு மேல ஒரு குத்தம், அதுக்குக் கீழ ஒரு குத்தம், நடுவுல தலகாணி உறை."

அவள் காபியைக் குடிக்காமலே கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை அந்த விற்பனைக்காரர் வந்தார். பருத்த உடம்பு, வாயெல்லாம் சிரிப்பு. தண்ணீர் பாட்டில் இருந்த அட்டைப்பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இது எங்க பெட்டி இல்லீங்க, பாருங்க ஓரம் நசுங்கிப்போயிருக்கு. வக்கீல் ஆபீசுக்கு இப்படியா சப்ளை பண்ணுவாங்க?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் மாதிரித்தான் இருந்தார். அவர்தான் ஊரெல்லாம் விலையை ஏற்றினவர் என்பதும் உண்மை.

கிளி எச்சரிக்கைத் தாளை எடுத்தாள். நான் டிஷ்யூ பெட்டியில் கையை வைத்தேன். அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணே, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள், நம் பேச்சிலேயே. "நான் உங்க வக்கீல் இல்ல. கம்பெனியோட வக்கீல். நீங்க இங்க சொல்றது எல்லாம் அவங்களுக்குச் சொந்தம். யார்கிட்ட வேணா குடுப்பாங்க, உங்களைக் கேக்கமாட்டாங்க. நாளைக்கு உங்களை விட்டுட்டு அவங்க மட்டும் தப்பிக்கணும்னாலும் தப்பிக்கலாம்."

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இதை எதுக்குங்க எங்கிட்ட சொல்றீங்க?"

"சொல்லணும்கிறது சட்டம்ணே."

"சட்டத்துக்காகச் சொல்ற மாதிரி இல்லையே."

கிளி கவிழ்த்த தாளை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "பேசறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒரு வக்கீலைப் பாருங்க" என்றாள்.

"பேசலைன்னா வேலை போயிடுமா?"

"கோவிச்சுக்குவாங்க. திங்கக்கிழமை வரைக்கும் நான் சமாளிக்கறேன்."

மீதியை இப்போது சொல்வாள் என்று நான் பேனாவைப் பிடித்துக் காத்திருந்தேன். ஏனென்றால் இந்த ஒரு வழக்கில் நாங்கள் இரண்டாவது இல்லை. யாரும் இன்னும் ஓடவில்லை என்றுதான் பெரிய வக்கீல் காலையில் சொல்லியிருந்தார். இந்த விற்பனைக்காரர் அன்றைக்கே பேசினால் அவருக்கு முழு மன்னிப்பு. அதோடு, மன்னிப்பு வாங்கிய கம்பெனி தன் சாட்சியை வழக்கு முடியும்வரை கையில் வைத்திருந்தாக வேண்டும்; துரத்த முடியாது. வேலை இருக்கும், காப்பீடு இருக்கும், அந்த அம்மாளுக்கு மிஷின் ஓடும். 'பேசினா உங்களுக்கும் பாதுகாப்புதாங்க' என்ற வாக்கியம் அவள் வேலை வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் முழு உண்மையாக இருந்தது.

கிளி மூச்சை இழுத்தாள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் இழுக்கிற மூச்சு எனக்குத் தெரியும். அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.

அவர் எழுந்தார். "நல்லவேளை சொன்னீங்க தங்கச்சி. நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் எனக்கு வந்ததே கோபம்! "அடிப்பாவி, மீதியை ஏன்டி முழுங்கினே?"

"அக்கா, அதைச் சொல்லியிருந்தா அவர் இங்கயே பேசியிருப்பார்."

"பேசட்டுமே! அதுதானே அவருக்கும் நல்லது?"

"எத்தனை பேர்கிட்ட, எத்தனை பாஷையில அதைச் சொல்லியிருக்கேன். தூண்டில் மாதிரி. இன்னிக்கு அதையே எடுத்தா என் வாயே எனக்கு நாறுது. அவர் சொந்த வக்கீல் சொல்லட்டும், திங்கக்கிழமை வந்து பேசுவார். ரெண்டு நாள்தானே, என்ன குடிமுழுகிடும்?"

நல்லதைச் செய்ய நினைக்கிறவளை எவ்வளவு நேரம்தான் திட்டுவது?

திங்கட்கிழமை காலை, கிளி சொன்னபடியே அவர் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கூட ஒரு வக்கீல். வீடு மனைப் பத்திரம் எழுதுகிற வக்கீல், பாவம், அவருக்குக் கிடைத்தது அவர்தான். இருந்தாலும் அந்த மனிதர் சனி, ஞாயிறு உட்கார்ந்து சட்டத்தைப் படித்திருந்தார். முன்னறையில் இருவருக்கும் நான்தான் காபி கொடுத்தேன். "பேசிடறதுதான் நல்லதுன்னு இவர் சொல்றாருங்க. எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றார் என்னிடம், பரீட்சைக்குப் படித்து வந்த பிள்ளை மாதிரி.

உள்ளே பெரிய வக்கீல் முதல் இடத்தைப் பிடித்துவைக்க ஆணையத்துக்குப் போன் போட்டார். கிளியும் நானும் எதிரில் நின்றோம். அவர் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார், போனை வைத்தார்.

"இடம் போயிடுச்சு. காலையில ஆபீஸ் திறந்ததும் வேற ஒருத்தன் வந்துட்டான்."

கிளி கண்ணாடிக் கதவு வழியாக முன்னறையைப் பார்த்தாள். விற்பனைக்காரர் காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வரிசையாக நடந்தது. ஆணையத்து ஆட்கள் ஒரு காலையில் வந்து கம்பெனி அறைகளுக்கெல்லாம் சீல் ஒட்டினார்கள். போட்டிக் கம்பெனியின் ஆள் முழுக்கதையையும் ஒப்பித்திருந்தான்: மூன்று பேரும் ஒரு கார் கழுவுமிடத்தில் சந்திப்பார்களாம், ஒரே காரில் ஏறிக்கொள்வார்களாம், கண்ணாடியெல்லாம் நுரை மூடியதும் விலை பேசுவார்களாம். நுரை போவதற்குள் பேச்சு முடிந்துவிடுமாம். ஏற்பாடு செய்தது எங்கள் விற்பனைக்காரர் என்றும் சொல்லிவிட்டான். முதலில் ஓடினவன் சொல்வதுதானே வேதம். அவன் நல்லபிள்ளை ஆனான், எங்கள் ஆள் குற்றவாளி ஆனார். இரண்டாவது இடத்துத் தள்ளுபடியை நம்பாமல் கம்பெனி அந்த வாரமே அவரைத் துரத்தியது. எல்லாம் அவர் தன்னிச்சையாகச் செய்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அந்த வாதத்தை எழுதிக் கொடுத்தது எங்கள் அலுவலகம்.

கிளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பதவி உயர்ந்தது. சரணடைந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் வேலை, மாட்டிக்கொண்டதால் வருஷக்கணக்கில் ஓடும் வழக்காகிவிட்டது. அலுவலகத்துக்குக் கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று பெரிய வக்கீல் என்னிடம் கேட்டார். "எச்சரிக்கை சொல்லப்பட்டது, அவர் பேச மறுத்தார்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. கிளி அலுவலகத்தின் பங்குதாரர்களில் ஒருத்தி ஆனாள். கதவில் பெயர்ப்பலகை மாட்டின அன்று, "வாழ்த்துகள்டி கிளி" என்றேன். "நன்றி" என்றாள், அலுவலக மொழியில். அதற்குப் பிறகு என்னிடம்கூட நம் பேச்சு பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது சுருக்கென்று இருந்தது. கேட்கவில்லை.

போன வாரம் அந்த விற்பனைக்காரர் வந்தார். கைப்பேசியைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் போயிருந்தது. ஆள் பாதியாகிவிட்டார், சட்டை தோளிலிருந்து தொங்கியது. நான் கைப்பேசி இருந்த உறையைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். "அந்தத் தங்கச்சியப் பாக்கணும்" என்றார். அதே அறையில் உட்காரவைத்தேன். கிளி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இதுல இருந்ததெல்லாம் பாத்தீங்களா?" என்று கைப்பேசியைக் காட்டிக் கேட்டார்.

"சொந்த விஷயம் எல்லாம் மூடி வெச்சாச்சுண்ணே. யாரும் பாக்கலை." எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயில் நம் பேச்சைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாது, என் சம்சாரத்துக்கு உடம்பு முடியலைங்க. மிஷின்ல படுக்கணும். முன்னல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள். இப்ப பொது ஆஸ்பத்திரிதான், வரிசை நீளம், வாரத்துக்கு ஒருதடவை கிடைச்சாலே பெரிசு. காலெல்லாம் வீங்கிக் கிடக்குது."

தலையணை உறையின் நிறம்வரை தெரிந்தவள், புதிதாகக் கேட்கிறவள் போலத் தலையாட்டினாள். அப்படித்தான் ஆட்ட வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. அன்னிக்கு வெள்ளிக்கிழமையே நான் பேசியிருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காதாம், வேலைகூட போயிருக்காதாம். இந்த பத்திர வக்கீல் சொல்றாரு. எனக்கு நம்பிக்கையில்லை. அந்தாளுக்கு என்ன தெரியும்? எங்கிட்ட உண்மை சொன்னது நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்லுங்க. அது பொய்தானே?"

பொய் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்று எனக்குள் கத்தினேன். எத்தனையோ பேரிடம் வாய் கூசாமல் சொன்னவள்தானே. அந்த மனுஷன் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார்.

"உண்மைதாண்ணே" என்றாள் கிளி. "அன்னிக்குப் பேசியிருந்தா தப்பிச்சிருப்பீங்க."

அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா... உங்களைப் பேச வைக்கறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பீங்கன்னு..."

"நானா? நீங்க சொன்னா எதை வேணா நம்பியிருப்பேனேம்மா."

குரலில் கோபமே இல்லை. ஏதோ கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி சொன்னார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, என்னிடம் கார் நிறுத்தின சீட்டை நீட்டினார். "இதுக்கு ஒரு முத்திரை போட்டுக் குடுங்கம்மா, இல்லைன்னா கீழ காசு கேப்பான்." போட்டுக் கொடுத்தேன். முத்திரை கோணலாக விழுந்தது. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போனார்.

நான் திரும்பி வந்தபோது கிளி அதே நாற்காலியில் இருந்தாள். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அதைத் தொடவில்லை.

"அடுத்த ஆள் வந்தாச்சா?" என்று கேட்டாள், அலுவலக மொழியில்.

வந்திருந்தாள். வேறொரு கம்பெனியின் கிடங்கு மேற்பார்வையாளர், நம் பேச்சுக்காரிதான். உட்கார்ந்ததுமே கிளியின் முகத்தைப் பார்த்து, "அப்பாடா, நீங்க நம்மாளா?" என்றாள், உயிர் வந்த மாதிரி.

கிளி தாளை எடுத்து எச்சரிக்கையை வாசித்தாள். அலுவலக மொழியில், நிறுத்தி நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல். இந்த முறை மீதிப் பாதியையும் சேர்த்துச் சொன்னாள்: யார் முதலில் ஓடினால் யாருக்கு என்ன கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது, எல்லாம். அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. புரியாததற்கெல்லாம் தலையாட்டினாள். "சாப்டீங்களா?" என்று அவளை யாரும் கேட்கவில்லை. விசாரணை முடிகிறவரை அவள் என்னையும் கிளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.